பின்பாட்டு, மிடி, ஒலிப்பதிவு: மேடைப் பாடலின் பின்னணி குறித்துச் சில குறிப்புகள்

நமது கலைக்குழுக்களில் இப்போது அடிக்கடி எழும் ஒரு கேள்வி, தொழில்நுட்பக் கேள்வியாகவே எழுப்பப்பட்டுத் தொழில்நுட்பக் கேள்வியாகவே தீர்க்கவும் படுகிறது. பாடுகிறவருக்குப் பின்னால் ஓடுகிற இசையை, அதாவது மெல்லிசைக் குழுக்காரர்கள் 'மைனஸ் ஒன்' என்றும் மற்றவர்கள் 'கரோக்கி' என்றும் சும்மா 'டிராக்' என்றும் சொல்கிறார்களே அதை, மிடியாக வைத்துக்கொள்வதா, ஒலிப்பதிவாக வைத்துக்கொள்வதா? "எது தோழர் நல்லா கேக்கும்?" என்பதோடு விவாதம் முடிந்துவிடுகிறது. இருபது வருடத்துக்கு மேலாக இயக்க மேடைகளுக்குக் கீபோர்டு வாசித்தும் டிராக் செய்தும் வருகிறவன் நான். பாடுகிறவர், வாசிக்கிறவர், கேட்கிறவர் ஆகியோருக்கிடையேயான உறவு இந்தத் தேர்வுக்குள் மறைந்து கிடக்கிறது என்பதே என் வாசிப்பு. அதை வெளியே எடுத்துப் பேசிப் பார்க்கலாம்.

மிடி என்றால் 'மட்டமான சத்தம்' என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. (பழந்தமிழில் மிடி என்றால் வறுமை, பொருத்தமான பேர்தான்யா என்று ஒரு நண்பர் கிண்டலடிப்பார்.) ஆனால் மிடிக்குள் சத்தமே கிடையாது. கட்டளைகள் மட்டுமே உண்டு. 60ஆம் எண்ணை அழுத்து, 90 என்ற அழுத்தத்தில் அழுத்து, இன்ன நேரம் கழித்து விடு, இப்போது புல்லாங்குழலுக்கு மாறு. அவ்வளவுதான். 60 என்பது நாம் 1 கட்டை என்று சொல்லும் சுருதியின் நடு ஸட்ஜம். அந்தக் கட்டளையைப் பெறுகிற கருவி எதுவோ அதன் குரலில்தான் பாட்டு கேட்கும். நல்ல கருவியில் ஓடவிட்டால் இசைக்குழு மாதிரி இருக்கும். மலிவான ஒன்றில் ஓடவிட்டால் திருவிழாவில் வாங்கிய பொம்மைக் கார் மாதிரி இருக்கும். கோப்பு ஒன்றேதான்.

ஒலிப்பதிவு வேறு வகை. ஒலிவாங்கியின் சவ்வு எப்படி அசைந்தது என்பதை, குறுந்தகட்டுக் கணக்கில் நொடிக்கு 44,100 தடவை அளந்து எழுதிவைத்த எண்கள் அவை. என்ன சுவரம், என்ன தாளம் என்ற தகவல் அதில் தனியாக எழுதப்பட்டிருக்காது. அன்றைக்கு அந்த அறையில் நடந்தது அப்படியே கிடக்கும்: விரல், மூச்சு, நாற்காலி கிரீச்சிட்டது உட்பட. அளவு வித்தியாசமும் பெரிது. 5 நிமிடப் பாட்டு ஒன்று முழு ஒலிப்பதிவில் சுமார் 50 மெகாபைட். எம்பி3 ஆக நசுக்கினால் ஏறக்குறைய 5. மிடியில் பெரும்பாலும் 50 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும்.

குறியியலின் மொழியில் சொன்னால், பியர்ஸ் பிரித்துக் காட்டிய இரண்டு குறிவகைகள் இவை. காலடித் தடம் நடந்துபோனவரைச் சுட்டுவதுபோல ஒலிப்பதிவு ஒரு சுட்டுக்குறி. எழுத்தைப்போல, உடன்பாட்டினால் மட்டுமே பொருள்பெறும் குறியீடு மிடி. ஃப்ரீட்ரிஷ் கிட்லர் 1986இல் வெளிவந்த தன் நூலில் கிராமபோனையும் தட்டச்சுப்பொறியையும் எதிரெதிரே நிறுத்திப் பேசியதும் இந்த வேறுபாட்டைத்தான். தட்டச்சுப்பொறி தன்னிடம் ஏற்கெனவே இருக்கிற எழுத்துகளை மட்டும் எழுதும்; கிராமபோன் ஊசி எதிரே நிகழ்வது எதுவானாலும் கீறிக்கொள்ளும். நம் வழக்குக்கு வருவோம். தவில்காரர் பையனுக்கு வாயால் சொல்லித் தருகிற சொற்கட்டு மிடி. அவர் கை தோலில் விழுந்த ஓசை ஒலிப்பதிவு. சொற்கட்டு இல்லாமல் அந்தக் கலை அடுத்த ஆளிடம் போய்ச் சேராது. ஆனால் சொற்கட்டைத் தூக்கிக்கொண்டு சாமி ஊர்வலத்தில் நடக்க முடியாது.

இந்த எழுத்துமுறையை யார் உருவாக்கினார்கள் என்று கேட்பது அவசியம். அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத்தை நிறுவிய இகுதாரோ ககேஹாஷியும் முன்னெடுத்த பேச்சுவார்த்தையின் விளைவு அது. ஒரு நிறுவனத்தின் கீபோர்டை இன்னொரு நிறுவனத்தின் கீபோர்டோடு கம்பியால் இணைத்து 1983 ஜனவரியில் பொதுவில் காட்டினார்கள். ஒருவருக்கொருவர் போட்டியாளர்களான நிறுவனங்கள் உரிமத்தொகை இல்லாமல் பொதுவாக ஒரு மொழியை விட்டுக்கொடுத்தது அபூர்வம். அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. இன்று ஊர்த் திருவிழா மெல்லிசைக் குழுவின் ஆக்டோபேட் வரைக்கும் அந்த மொழிதான் பேசுகிறது. ஆனால் அந்த மொழியின் அகரவரிசை கீபோர்டின் அகரவரிசை. அழுத்து, விடு. 0 முதல் 127 வரை எண்ணிட்ட கட்டைகள். ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே ஒன்றும் இல்லை என்பது அதன் அடிப்படை அனுமானம். ஜரோன் லனியர் 2010இல் எழுதிய நூலில், பியானோ வாசிப்பவரின் பார்வையிலிருந்து செய்த ஒரு வசதி உலக இசை முழுவதற்கும் பூட்டாகிவிட்டது என்ற பொருளில் மிடியை விமர்சித்திருக்கிறார்.

பூட்டின் இரண்டாம் சுற்று 1991இல் விழுந்தது. ஒரு கோப்பு எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டுமென்று 'ஜெனரல் மிடி' என்ற பட்டியலைக் கொண்டுவந்தார்கள். 128 ஒலிகள், ஒவ்வொன்றுக்கும் நிரந்தர எண். தாளக் கருவிகளுக்கென்று 10ஆம் தடம். அந்தப் பட்டியலை ஒரு பிரதியாக வாசித்துப் பாருங்கள். பியானோவில் மட்டும் பல வகை, ஆர்கனில் பல வகை, கிதாரில் பல வகை. மிச்ச உலகத்தின் பெரும்பகுதி 'இனக்குழு இசை' என்ற ஒரே சேரியில், 105 முதல் 112 வரை எட்டே வீடுகளில் குடியமர்த்தப்பட்டிருக்கிறது: சித்தார், பாஞ்சோ, ஷமிசென், கோட்டோ, கலிம்பா, பேக்பைப், ஃபிடில், ஷெனாய். 10ஆம் தடத்தில் பாங்கோ உண்டு, காங்கா உண்டு, அகோகோ உண்டு, தபலாகூடக் கிடையாது. தவில், மிருதங்கம், நாகசுரம், உடுக்கை, பறை எதற்கும் எண் இல்லை. ஆனால் 126ஆம் எண் ஹெலிகாப்டர். 127 கைதட்டல். 128 துப்பாக்கிச் சூடு. ஒரு நாட்டுப்புறப் பாடலுக்கு ஜெனரல் மிடியில் டிராக் செய்ய உட்கார்கிறவனுக்குப் பறையைவிடத் துப்பாக்கி சுலபமாகக் கிடைக்கும் என்பது நகைச்சுவைக்காக நான் சொல்வதல்ல, பட்டியலில் இருப்பது. (பிற்பாடு வந்த கருவிகளில் நிறுவனங்கள் தபலாவையும் வேறு பலவற்றையும் கூடுதலாகச் சேர்த்தார்கள், ஆனால் அவை அந்தந்தக் கருவியோடு நின்றுவிடும். கோப்பை வேறு பெட்டிக்கு மாற்றியதும் தவில் இருந்த இடத்தில் பியானோ டங்கென்று அடித்துத் திடுக்கிட வைக்கும்.)

இதை வைத்து 'ஆகவே மிடி ஏகாதிபத்தியம், ஒலிப்பதிவே மக்கள் இசை' என்று முடித்துவிடலாம். அப்படி முடிக்க எனக்குச் சம்மதமில்லை. காரணம் பாடுகிறவர்.

நம் குழுக்களில் பாடுகிறவர்கள் தொழில்முறைப் பாடகர்கள் அல்லர். பீடி சுற்றுகிறவர், செவிலியர், கல்லூரிப் பையன், சத்துணவு ஊழியர். இன்றைக்கு ஒருவருக்கு லீவு கிடைக்கும், நாளைக்கு வேறொருவருக்கு. ஆண் 1½ கட்டையில் பாடிய பாட்டைப் பெண் 5 கட்டையில் பாட வேண்டும். தொண்டை கட்டியிருந்தால் அரைக் கட்டை இறக்க வேண்டும். மிடியில் இது ஒரு பொத்தான். எல்லாச் சுவர எண்களோடும் ஒன்றைக் கூட்டுவதோ கழிப்பதோதான் அங்கே நடக்கும், ஒலியின் தரம் குறையாது. வேகத்தைக் கூட்டினால் சுருதி மாறாது, சுருதியை மாற்றினால் வேகம் மாறாது. ஒலிநாடாக் காலத்தில் இரண்டும் ஒன்றோடொன்று கட்டிப்போட்டவை. இன்றைய மென்பொருள்கள் ஒலிப்பதிவிலும் இரண்டையும் பிரித்துவிடுகின்றன என்றாலும், என் காதுக்கு ஒரு கட்டை வரைக்கும்தான் தாங்குகிறது. அதற்கு மேல் ஏற்றினால் டோலக் தகர டப்பாவாகிறது, பின்னணிக் குரல் குழந்தைக் குரலாகிறது. ஆகவே ஒலிப்பதிவு டிராக்கை நம்பிய குழு என்ன செய்கிறது? டிராக்கின் சுருதிக்கு ஏற்ற தொண்டையைத் தேடுகிறது. பாட்டு யாருடையதோ அவர் கீழே உட்கார்ந்திருக்க, டிராக்குக்குப் பொருந்துகிறவர் மேலே ஏறுகிறார். பெண் தோழர்கள் 'கோரஸில்' நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதைப் பல குழுக்களில் பார்த்திருக்கிறேன்.

தெருக்கூத்தில் பின்பாட்டு என்றொரு ஏற்பாடு உண்டு. கூத்தாடி ஓர் அடி எடுத்துப் பாட, பின்னால் ஆர்மோனியமும் மத்தளமும் முகவீணையும் தாளமுமாக உட்கார்ந்திருப்பவர்கள் அதை ஏந்தித் திருப்பிப் பாடுவார்கள். ஆட்டக்காரர் மூச்சு வாங்கினால் அவர்கள் இழுப்பார்கள். அவர் வசனத்தில் நீட்டினால் காத்திருப்பார்கள். பின்னணியின் வேலை முன்னே இருப்பவரைக் கேட்பது. ஒலிப்பதிவுக்குக் காது கிடையாது, அது தன்பாட்டுக்கு ஓடும். மனிதர் அதன் பின்னால் ஓட வேண்டும். பின்பாட்டு முன்பாட்டாகிவிடுகிறது. மிடிக்கும் காது கிடையாதுதான். ஆனாலும் யாராவது ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து கையால் வேகத்தைத் தள்ளவும் இழுக்கவும், சரணத்தை இன்னொரு சுற்று விடவும் அது இடம் கொடுக்கும். கேட்கிற ஒரு மனிதருக்கு அங்கே வேலை மிச்சமிருக்கிறது.

கரோக்கியின் வரலாறே இதற்குச் சாட்சி. ஜப்பானின் கோபே நகரத்து மதுக்கூடங்களில் வாடிக்கையாளர்கள் பாட வாசித்துக்கொண்டிருந்தவர் இனோவே தைசுகே. தாளம் தப்பிப் பாடும் ஒரு முதலாளி, தன் வெளியூர் விருந்துக்கு அவரைக் கூப்பிட, போக முடியாத இனோவே அந்த ஆளின் போக்குக்கு ஏற்றபடி வாசித்து ஒலிநாடாவில் பதிந்து கொடுத்தனுப்பினார் என்று கதை சொல்லப்படுகிறது. 1971இல் அதைக் காசு போட்டால் பாடும் பெட்டியாக்கினார். காப்புரிமை எடுக்கவில்லை. பின்பாட்டுக்காரர் தன்னுடைய இடத்தில் தானே ஒரு பெட்டியை வைத்துவிட்டு விலகிய நிகழ்ச்சி இது. பிறகு 1992இல் அங்கே தொலைபேசிக் கம்பி வழியாகப் பாடல்களை அனுப்பும் கரோக்கி வந்தது. அன்றைய தொலைபேசிக் கம்பியில் ஒலிப்பதிவை அனுப்பக் கட்டுப்படியாகாது. மிடி சில நொடிகளில் போய்விடும், குடித்துவிட்டுப் பாடுகிறவரின் சுருதிக்கு இறங்கியும் கொடுக்கும். இதனால் மிடியே அத்தொழிலின் முதுகெலும்பாயிற்று.

மிடிக்கு எதிராக இசையறிஞர்கள் வைக்கும் வாதம் கமகம். அது மெய்தான். நம் காதுக்கு இரண்டு சுவரங்களுக்கு இடையிலான பாதைதான் சுவரம். மிடியில் அந்தப் பாதையைக் காட்ட 'பிட்ச் பெண்ட்' என்ற சக்கரம் உண்டு. 16,384 படிகள் கொண்ட நுட்பமான அளவைதான். ஆனால் அது ஒரு தடத்தில் ஒலிக்கும் எல்லாச் சுவரங்களையும் சேர்த்தே வளைக்கும். வழக்கமான அமைப்பில் மேலே ஒரு முழுச்சுவரம், கீழே ஒரு முழுச்சுவரம், அவ்வளவே அதன் எல்லை. ஒவ்வொரு சுவரத்தையும் தனித்தனியே வளைக்கும் முறை 2018இல்தான் நெறிமுறையாக ஏற்கப்பட்டது. 2020இல் வந்த மிடி 2.0 அதை இன்னும் விரிவாக்கியிருக்கிறது. நம் கைக்குக் கிடைக்கிற பெட்டிகளில் பெரும்பாலானவை 1983இன் மொழியையே பேசுகின்றன.

ஆனால் இந்த வாதத்தை நாம் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறோம். ஆர்மோனியத்தில் கமகம் வராது, அது இந்திய இசைக்கு அந்நியம் என்று சொல்லி 1940இல் அகில இந்திய வானொலி அதைத் தடைசெய்தது. 1971 வாக்கில்தான் தடை தளர்ந்தது. அதே காலத்தில் ஸ்பெஷல் நாடக மேடையில் கால் ஆர்மோனியம் இல்லாமல் ராஜபார்ட்டுக்குத் தொண்டை திறக்காது. ஒற்றை ஆள் வாசித்து ஒரு கொட்டகைக்கே கேட்கவைக்கும் ஏழைகளின் இசைக்குழு அது. தூய்மை என்ற பெயரில் எது விலக்கப்படுகிறது, அதை யார் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள் என்று பார்க்காமல் கமகத்தின் பேரால் மிடியை ஒதுக்குவதில் எனக்கு ஆர்வமில்லை. கமகத்தைப் பாடுகிறவர் பார்த்துக்கொள்வார். பின்னால் ஆதார சுருதியும் நாலு கார்டும் இருந்தால் போதும். அதற்கு மிடி தாராளம்.

என் தகராறு தாளத்தில் தொடங்குகிறது. பறையில் ஓர் அடியை எப்படி எண்ணாக எழுதுவது? மிடி தருவது எந்த எண், எத்தனை அழுத்தம், எப்போது என்ற மூன்று தகவல்கள். இடக்கையில் நீண்ட மெல்லிய சிண்டுக்குச்சி, வலக்கையில் குட்டையான அடிக்குச்சி. வலக்கை நடுவில் விழுகிறதா ஓரத்திலா, சிண்டுக்குச்சி அந்த நேரம் தோலைத் தொட்டுக்கொண்டு நிற்கிறதா எடுத்துவிட்டதா, தீயில் காய்ச்சி எவ்வளவு நேரமாயிற்று, பனி இறங்கிவிட்டதா என்பதையெல்லாம் பொறுத்து ஒலி மாறும். கச்சேரி பாதியில் பறையைத் திரும்பவும் நெருப்பில் காட்டுவதே அந்த இசையின் ஒரு பகுதி. 127 படி அழுத்தத்தில் ஒரே மாதிரி ஒலியைக் கூட்டிக் குறைப்பது அதன் நிழல்கூட அல்ல. போதாக்குறைக்கு மென்பொருளில் 'குவாண்டைஸ்' என்றொரு பொத்தான். நேரம் தவறிய அடிகளைக் கட்டத்துக்குள் இழுத்துச் சமன்செய்யும். நான்கு பேர் சேர்ந்து அடிக்கையில் ஒருவருக்கொருவர் மயிரிழை முன்னும் பின்னும் விழுவதால்தான் பறைக்கு அந்த அகலம் வருகிறது. அதைப் பிழை என்று எண்ணித் திருத்தும் கருவியிடம் தாளத்தை ஒப்படைக்க முடியாது. ஆகவே தாளத்துக்கு ஒலிப்பதிவு. இது என் முடிவு.

ஆனால் இங்கேதான் வேறொரு சிக்கல் காத்திருக்கிறது. ஒரு கூட்டத்துக்காகப் பறை அடிக்கும் நான்கு பேரையும் ஒருநாள் முழுக்க உட்காரவைத்துப் பதிந்தோம். பதிவு அருமையாக வந்தது. அடுத்த நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்தவர் சொன்னார்: "அதான் டிராக்ல பறை இருக்குல்ல தோழர், நாலு பேருக்கு வண்டி வச்சு எதுக்குக் கூட்டிட்டு வரணும்?" செலவுக் கணக்கில் அவர் சொன்னதில் தப்பு இல்லை. பறையடிப்பவர்களில் மூத்த அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "சத்தம் மட்டும் போதும்கிறது எங்களுக்குப் புதுசு இல்ல தம்பி. ஊர்லயும் அதான். தள்ளி நின்னு அடின்னுதான் சொல்வாங்க" என்றார்.

எந்த ஒலிப்பதிவு உடலின் தடத்தை நேர்மையாகக் காப்பாற்றுகிறது என்று மேலே சொன்னேனோ, அதே ஒலிப்பதிவுதான் அந்த உடலை மேடையிலிருந்து இறக்கவும் உதவுகிறது. மிடியில் செய்த போலிப் பறை யாரையும் ஏமாற்றாது. கேட்கிறவருக்கு 'ஆள் இல்லை' என்பது தெரிந்துவிடும். நல்ல ஒலிப்பதிவு ஆள் இல்லாததை மறைத்துவிடுகிறது. சாதி இந்த ஒலியை என்றைக்கும் விரும்பியே வந்திருக்கிறது, சாவுக்கும் சாமிக்கும். அடிக்கிறவரின் அருகாமைதான் அதற்கு ஒவ்வாதது. ஒலியையும் உடலையும் பிரித்தெடுக்கும் ஒரு கருவி இந்தச் சமூகத்துக்குள் வரும்போது அது நடுநிலையாக வருவதில்லை. (கோயில்களில் மணியும் முரசும் மோட்டாரில் தானாக அடிக்கும் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அது ஒலிப்பதிவும் இல்லை, மிடியும் இல்லை, ஆனால் அடித்துக்கொண்டிருந்தவர் போய்விட்டார்.)

தொழிற்சங்க வரலாறு இதில் நமக்கு உதவும். அமெரிக்க இசைக்கலைஞர் கூட்டமைப்பு 1942 ஆகஸ்டில் ஒலிப்பதிவுக் கூடங்களுக்கே போகமாட்டோம் என்று நிறுத்தியது. நாங்கள் வாசித்த தட்டுகளே எங்கள் வேலையைப் பறிக்கின்றன என்பது அவர்கள் வாதம். பெரிய நிறுவனங்கள் 1944 நவம்பர் வரை பிடிவாதம் பிடித்துக் கடைசியில் இறங்கின; விற்கும் தட்டுக்கு இவ்வளவு என்று சங்க நிதிக்குத் தொகை வந்தது, அதில் வேலையில்லாத கலைஞர்களுக்கு வாசிப்பு நாட்கள் கிடைத்தன. 2003 மார்ச்சில் நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்குகளில் இசைக்கலைஞர்கள் 4 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். குழுவில் குறைந்தபட்சம் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையைக் குறைக்கப் பார்த்த தயாரிப்பாளர்கள், கணிப்பொறியில் ஓடும் 'இசைக்குழு'வைக் காட்டி மிரட்டினார்கள். எண்ணிக்கை குறைந்தது, ஆனால் அழிந்துவிடவில்லை. 1942இல் எதிரே இருந்தது ஒலிப்பதிவு, 2003இல் கணிப்பொறி. பேரம் ஒன்றுதான்: எத்தனை பேர் உட்காருவார்கள், பெட்டி ஓடினால் யாருக்குக் காசு.

சட்டத்தையும் ஒரு வரியில் தொட்டுவிடுகிறேன், சினிமா மெட்டில் பாட்டு கட்டும் குழுக்களுக்காக. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தொழில்முறை சாராத குழு கட்டணமில்லாக் கூட்டத்தின் முன் ஒரு இசைப்படைப்பை நிகழ்த்துவதற்கு விலக்கு தருகிறது. அந்த உட்பிரிவு பேசுவது இசைப்படைப்பை, ஒலிப்பதிவை அல்ல. மெட்டை நாமே வாசித்துப் பாடுவதும், கம்பெனிப் பதிவில் குரலை நீக்கிவிட்டு மிச்சத்தை ஓடவிடுவதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. பதிவிலிருந்து குரலைப் பிரிக்கும் மென்பொருள்கள் 2019 முதல் இலவசமாகவே கிடைப்பதால் இதைச் சொல்கிறேன்.

இப்போது எங்கள் குழுவில் நடைமுறை இப்படி இருக்கிறது. பாட்டின் சுருதி, கார்டு, இடையிசை எல்லாம் மிடியில். அதுதான் மூலப்பிரதி, யார் கேட்டாலும் கொடுத்துவிடுவோம், அவர்கள் திருத்திக்கொள்ளட்டும். அதில் 10ஆம் தடத்தைக் காலியாக விட்டிருக்கிறோம். ஒத்திகையில் மிடியை ஓடவிட்டுப் பாடுகிறவருக்கு ஏற்ற கட்டையைக் கண்டுபிடித்த பிறகு, அந்தக் கட்டையில் ஒலிக்கோப்பாக மாற்றிச் செல்போனில் வைத்துக்கொள்கிறோம். தெருமுனையில் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்க முடியாது, ஜெனரேட்டர் நின்றால் அதுவும் நிற்கும். ஒவ்வொரு பாட்டுக்கும் 1½, 3, 5 கட்டை என்று மூன்று கோப்பு. தாளம் நேரடியாக, நான்கு பேர் முடியாவிட்டால் இரண்டு பேராவது. ஒப்பாரி பாடும் கிழவிகளின் பாட்டு மட்டும் விதிவிலக்கு. அதை மிடியில் எழுத முயல்வதே இல்லை, பின்னணியும் சேர்ப்பதில்லை. ஒலிப்பதிவு மட்டும், அவர்கள் சொந்தத் திண்ணையில்.

பறைப் பதிவு தனிக் கோப்பாக இருக்கிறது. அடித்தவர்கள் வர முடியாத இடத்தில் மட்டும் அதை ஓடவிடுவது, ஓடும் ஒவ்வொரு மேடைக்கும் அந்த நால்வருக்கும் பாதிக் கூலி கொடுப்பது, அவர்கள் பெயரை மைக்கில் சொல்வது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். வேறு இரண்டு குழுக்கள் அந்தக் கோப்பைக் கேட்டார்கள். மிடியைக் கொடுத்தோம், பறையைக் கொடுக்கவில்லை. "மக்கள் கலைக்கு என்ன தோழர் காப்பிரைட்டு?" என்று அவர்களுக்கு வருத்தம். அடுத்த மாதம் நால்வரையும் நேரில் வைத்துப் பேசுவதாக இருக்கிறோம்.